படைத்தவரும் படித்தவரும்

1893 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம், இலண்டன் மாநகரத்துப் புத்தகக் கடைகளிலே 'ஸ்ட்ராண்ட்' என்னும் மாதச் சஞ்சிகையை ஆறு பென்ஸ் கொடுத்து வாங்கிப் பிரித்தவர்கள் திகைத்து நின்றனர். ஒவ்வொரு மர்மத்தின் முடிச்சும் அவிழ்வதைக் கண்டு மகிழ்ந்து பழகியவர்கள் அவர்கள். அன்றோ முடிச்சை அவிழ்ப்பவரையே இழந்துவிட்டனர். சுவிற்சலாந்து நாட்டின் றைக்கன்பாக் நீர்வீழ்ச்சியின் விளிம்பிலே, குற்றவாளிகளின் தலைவனான பேராசிரியர் மொறியாட்டியுடன் கைகலந்து, அவனோடு ஒருங்கே ஆழத்தில் வீழ்ந்து மறைந்தார் துப்பறிவாளர் ஷெர்லொக் ஹோம்ஸ். அவரைக் கொன்றவர் யார் என்பதைக் கண்டுபிடிக்க எவருக்கும் துப்புத் தேவைப்படவில்லை. அவரைப் படைத்த ஆதர் கொனன் டொயிலே அந்தக் கொலையாளி என்று வாசகர் அனைவரும் ஒரே குரலில் தீர்ப்புக் கூறினர்.

அத்தீர்ப்பு வெறும் பேச்சோடு நின்றுவிடவில்லை. இருபதினாயிரம் பேர் சஞ்சிகைக்குச் சந்தா செலுத்துவதை நிறுத்திக்கொண்டனர் என்று கூறப்படுவதுண்டு. சஞ்சிகையின் உரிமையாளரான ஜோர்ஜ் நியூன்ஸ் தம் பங்காளர்களிடம் அதனை ஒரு பயங்கர நிகழ்ச்சி என்றே வருணித்தார். ஆசிரியரின் இல்லத்திற்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவற்றுள் ஒன்று, அவரை மிருகமே என்று விளித்துத் தொடங்கியது. எழுதியவர் ஒரு பெண்மணி. இலண்டன் இளைஞர் கறுப்புப் பட்டி அணிந்து துக்கம் காத்தனர் என்றும் பிற்காலத்தவர் கூறுவர். ஆயினும் அக்காலத்துப் பத்திரிகைகளிலே அதற்குத் தக்க சான்று இல்லை. சான்று இல்லாத அக்கதையும் வாசகர் உள்ளத்திலிருந்து பிறந்ததே ஆகும்.

ஒருபோதும் உயிர் வாழாத ஒரு மனிதனுக்காக ஒரு நாட்டு மக்கள் இவ்வாறு துயருற்றதும், தாம் படைத்த பாத்திரத்தையே ஓர் ஆசிரியர் வெறுத்து ஒழிக்க முற்பட்டதும் இலக்கிய வரலாற்றிலே காண்பதற்கரிய நிகழ்ச்சிகள். ஒரு நூலின் மதிப்பை அளப்பவர் யார்? எழுதியவரா, அன்றிப் படித்தவரா? இவ்வினாவிற்கு விடை தேடுவோர்க்குக் கொனன் டொயில் என்பாரின் வாழ்க்கையைப் போன்றதொரு பாடம் வேறு கிடைப்பதரிது.

டொயில் 1859 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தவர். அந்நகரத்துப் பல்கலைக்கழகத்திலே வைத்தியம் பயின்றபொழுது யோசேப் பெல் என்னும் ஆசிரியரிடம் மாணாக்கராக இருந்தார். நோயாளி வாய் திறப்பதற்கு முன்னரே, அவருடைய கையின் காய்ப்பையும், நடையையும், உடையையும் நோக்கி, அவர் செய்யும் தொழில் இன்னது, அவர் வந்த இடம் இன்னது என்று கூறிவிடும் ஆற்றல் பெல் அவர்களுக்கு இருந்தது. இளைஞரான டொயில் இதனைக் கண்டு வியந்தார். பின்னர் தென் இங்கிலாந்தின் சவுத்சீ என்னும் கடற்கரைப் பட்டினத்தில் வைத்தியத் தொழிலைத் தொடங்கி, நோயாளர் வராத வேளைகளில் கதை எழுதத் தலைப்பட்டபொழுது, அந்த ஆற்றலைக் குற்றம் கண்டுபிடிக்கும் ஒருவனுக்கு அளித்தால் என்ன என்று எண்ணினார். ஷெர்லொக் ஹோம்ஸ் அவ்வாறு தோன்றியவரே.

முதற்கதையான 'செந்நிறத்தில் ஓர் ஆய்வு' 1886 ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. பதிப்பாளர் சிலர் அதனைத் திருப்பி அனுப்பினர். இறுதியில் ஒரு நிறுவனம் உரிமை முழுவதையும் இருபத்தைந்து பவுணுக்கு வாங்கிக்கொண்டது. மலிவான கதைகள் அவ்வாண்டில் அங்காடியில் மலிந்துவிட்டன என்று கூறி, மறு ஆண்டுவரை அதனை வெளியிடாமலும் வைத்திருந்தது. 1887 ஆம் ஆண்டு நத்தார்க் காலத்திலே ஓர் ஆண்டு மலரில் அக்கதை வெளிவந்தபொழுது பெரும் ஆரவாரம் எதுவும் எழவில்லை. அந்த இருபத்தைந்து பவுணுக்கு மேல் அக்கதையால் தமக்கு வேறெதுவும் கிடைக்கவில்லை என்று டொயில் முதுமையிலே நினைவுகூர்ந்தார்.

வாசகரின் பேராதரவு 1891 ஆம் ஆண்டிலேதான் கிட்டியது. அவ்வாண்டு ஜனவரியில் 'ஸ்ட்ராண்ட்' சஞ்சிகை தொடங்கப்பட்டது. அதன் முதல் இதழே மூன்று இலட்சத்துக்கு அண்மித்த பிரதிகள் விற்பனையாயிற்று. அக்காலத்துச் சஞ்சிகைகளிலே தொடர்கதைகளே பெரிதும் வெளிவந்தன. ஒரு தவணையைத் தவறவிட்ட வாசகருக்கு அடுத்த தவணை விளங்காது. விளங்காதவர் சஞ்சிகையையே கைவிடுவர். இதனைக் கண்டுகொண்ட டொயில், ஒவ்வோர் இதழிலும் தானே நிறைவுபெறும் சிறுகதையாகவும், எல்லாக் கதைகளிலும் ஒரே பாத்திரம் தோன்றுவதாகவும் எழுதுவது தக்கதென முடிவு செய்தார். புகையிரதத்தில் ஏறி அமர்ந்தவர் இறங்குவதற்குள் ஒரு கதையைப் படித்து முடித்துவிடலாம். மறுமாதம் பழகிய நண்பர் ஒருவரை மீண்டும் சந்திப்பதுபோல அதே துப்பறிவாளரைச் சந்திக்கலாம். யூலை மாதத்திலே இவ்வரிசையின் முதற்கதை வெளிவந்தது. சில மாதங்களுக்குள் ஹோம்ஸின் பெயர் இங்கிலாந்து முழுவதும் பரவிவிட்டது.

வாசகருள் எளியோரும் இருந்தனர், பேரறிஞரும் இருந்தனர். பசிபிக் சமுத்திரத்துச் சமோவாத் தீவிலே நோயுற்றிருந்த ஸ்கொத்லாந்து எழுத்தாளர் றொபேட் லூயிஸ் ஸ்டீவன்சனும் அவர்களுள் ஒருவர். 1893 ஆம் ஆண்டில் அவர் டொயிலுக்குக் கடிதம் எழுதினார். நோயின் வேதனையை மறப்பதற்கு இக்கதைகள் துணைபுரிந்தன என்று பாராட்டிவிட்டு, இந்த ஹோம்ஸ் தம் பழைய நண்பர் பெல் அவர்கள்தாமோ என்றும் வினவினார். எடின்பரோவில் வாழ்ந்த ஒருவரின் சாயலை எத்தனையோ கடல்களுக்கு அப்பாலிருந்து இன்னோர் எடின்பரோவாசி இனங்கண்டுகொண்டார். அவர் அத்துடன் நிற்கவில்லை. தம் தோட்டத்து மேற்பார்வையாளரான சமோவா வாசிக்கு ஹோம்ஸ் கதை ஒன்றைச் சொல்லவும் முற்பட்டார். கதையைத் தொடங்குமுன் புகையிரதம் என்றால் என்ன, பொறியியலாளர் என்பவர் யார், பொலிசாரின் வேலை யாது என்றெல்லாம் விளக்க வேண்டியதாயிற்று. அவற்றையெல்லாம் கேட்டறிந்த பின்னும் அம்மனிதர் கதையின் சுவையை இழக்கவில்லை. குதிரைவண்டியையே அறியாத ஒருவரையும் கவர்ந்த கதைக்கு இதனினும் உயர்ந்த நற்சான்று தேவையில்லை.

ஆனால் கதைகளை எழுதியவரோ அவற்றை அவ்வளவு உயர்வாக மதிக்கவில்லை. டொயிலின் உள்ளம் வரலாற்று நாவல்களிலேயே பற்றுக்கொண்டிருந்தது. பதினேழாம் நூற்றாண்டுக் கிளர்ச்சி ஒன்றைப் பொருளாகக் கொண்ட 'மைக்கா கிளார்க்' 1889 ஆம் ஆண்டிலும், பதினான்காம் நூற்றாண்டு வில்வீரர்களைப் பற்றிய 'வெள்ளைப் படை' 1891 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இவற்றுக்காக அவர் பழைய நூல்கள் பலவற்றைத் துருவி ஆராய்ந்து, குறிப்புக்கள் எடுத்து, பெருமுயற்சி செய்தார். காலத்தை வென்று நிற்கப் போகும் நூல்கள் இவையே என்பது அவரது நம்பிக்கை. ஹோம்ஸ் கதைகளோ விரைவில் எழுதப்பட்டவை, வருவாய்க்காக எழுதப்பட்டவை. மேலான காரியங்களிலிருந்து தம் மனத்தை ஹோம்ஸ் ஈர்த்துவிடுகிறார் என்று 1891 ஆம் ஆண்டு நவம்பரிலேயே, முதற்சிறுகதை வெளிவந்து ஐந்து மாதங்கூட நிறைவுறாத வேளையில், அவர் தம் தாயாருக்கு எழுதினார். அவரைக் கொன்றுவிட எண்ணியிருப்பதாகவும் அக்கடிதத்தில் அறிவித்தார்.

தாயார் மேரி டொயில் அம்மையார் அவ்வெண்ணத்தை வன்மையாக மறுத்தெழுதினார். அது செய்யத்தகாத காரியம் என்று கண்டித்ததோடு, பொன்னிறக் கூந்தலையுடைய பெண்ணொருத்தியை மையமாகக் கொண்ட கதைக் கருவொன்றையும் மகனுக்கு உதவினார். அக்கருவிலிருந்து ஒரு புதிய கதை பிறந்தது, ஹோம்ஸும் பிழைத்துக்கொண்டார். வாசகரின் அபிப்பிராயம் டொயிலின் பேனாவைத் தடுத்து நிறுத்திய முதற்சந்தர்ப்பம் இதுவே. பின்னாளில் ஆயிரமாயிரம் பேர் எழுதிய கண்டனங்களைத் தாய் ஒருவரே முன்கூட்டி எழுதிவிட்டார் எனலாம்.

சஞ்சிகையார் மேலும் கதைகள் கேட்டனர். ஒரு கதைக்கு ஐம்பது பவுண் தருவதானால் எழுதலாம் என்று டொயில் விடையிறுத்தார். அவர்கள் உடனே இசைந்தனர். மறுபடியும் கேட்டபொழுது, மறுத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையோடு, பன்னிரண்டு கதைகளுக்கு ஆயிரம் பவுண் வேண்டும் என்றார். அதற்கும் அவர்கள் மகிழ்வோடு சம்மதித்தனர். தப்பிச் செல்வதற்காக அவர் திறந்த கதவுகள் ஒவ்வொன்றும் அவரை மேலும் உள்ளே கொண்டு சேர்த்தன. ஒவ்வொரு சிறுகதைக்கும் ஒரு நீண்ட நாவலுக்கு வேண்டிய அளவு புதுமையான கரு தேவைப்பட்டதால், களைப்பும் சலிப்பும் அவரை வாட்டின.

1893 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் டொயில் சுவிற்சலாந்துக்குச் சென்றார். மைறிங்கன் என்னும் ஊருக்கு அருகிலே ஆர்ப்பரித்து வீழும் றைக்கன்பாக் நீர்வீழ்ச்சியைக் கண்டார். ஹோம்ஸுக்குத் தகுந்த சமாதி அதுவே எனத் தீர்மானித்தார். ஆயினும் அவ்வாண்டின் பிற்பகுதி அவருக்கு அளித்த துயரங்களை வாசகர் எவரும் அறிந்திலர். ஒக்ரோபர் மாதத்திலே, நீண்டகாலம் மனநோய் விடுதிகளில் வாழ்ந்த தந்தையார் காலமானார். அந்நாள்களிலேயே மனைவி லூயிசாவுக்குக் கசநோய் கண்டிருப்பதாக வைத்தியர் உறுதி செய்தனர். அவர் சில மாதங்களே உயிர்வாழ்வார் எனவும் அஞ்சினர். கணவரின் கவனிப்பினாலும் வெளிநாட்டுக் காலநிலையினாலும் அவர் 1906 ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார் என்பது வேறு விடயம். கற்பனை மனிதனின் மரணத்துக்காக வாசகர் கண்டனக் கடிதங்கள் அனுப்பிக்கொண்டிருந்த வேளையிலே, அவற்றைப் பெற்றவர் தம் இல்லத்திலே உண்மையான மரணத்தை எதிர்நோக்கிக்கொண்டிருந்தார். வாசகரின் அன்பு பெரிதுதான். ஆனால் அவ்வன்பு அச்சிட்ட தாளுக்கு அப்பால் நின்ற மனிதரைக் காணவில்லை.

டொயில் எளிதில் மனம் மாறவில்லை. 1896 ஆம் ஆண்டில் எழுத்தாளர் கழகமொன்றிலே பேசுகையில், தாம் செய்தது கொலையன்று, தற்காப்பு என்று வாதாடினார். ஹோம்ஸைத் தாம் கொன்றிராவிட்டால் ஹோம்ஸ் தம்மைக் கொன்றிருப்பார் என்பது அவர் கூறிய நியாயம். வாத்தின் ஈரலாற் செய்யும் உணவொன்றை ஒருமுறை அளவுக்கு மீறி உண்டதனால், அதன் பெயரைக் கேட்டாலே தமக்குக் குமட்டல் உண்டாகிறதென்றும், ஹோம்ஸின் பெயரும் அத்தன்மையதே என்றும் அவர் நகைச்சுவையாகச் சொன்னதுண்டு.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. இங்கிலாந்தின் டாட்மூர் என்னும் கரம்பை நிலத்தைப் பற்றிய பழங்கதையொன்றை நண்பர் ஒருவர் கூறக் கேட்டு, பேய்நாய் ஒன்றைப் பற்றிய நாவலை எழுத டொயில் திட்டமிட்டார். கதைக்கு வலிமையான நாயகன் தேவைப்பட்டபொழுது, புதியவன் ஒருவனைப் படைப்பானேன், பழையவர் இருக்கிறாரே என்று எண்ணினார். ஹோம்ஸ் இல்லாத கதையானால் ஆயிரம் சொல்லுக்கு ஐம்பது பவுண், ஹோம்ஸ் தோன்றும் கதையானால் நூறு பவுண் என்று சஞ்சிகைக்கு அறிவிக்கப்பட்டது. வாசகர் அபிப்பிராயத்தின் விலை இவ்வளவு என்று இலக்கத்தில் எழுதிக் காட்டியதற்கு இது ஒப்பாகும். 'பாஸ்கவில் குடும்பத்து வேட்டைநாய்' 1901 ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதல் வெளிவந்தது. சஞ்சிகையின் விற்பனை முப்பதினாயிரம் பிரதிகளால் உயர்ந்தது. எனினும் அது ஹோம்ஸின் மரணத்துக்கு முன் நிகழ்ந்த கதையென்றே கூறப்பட்டது. இறந்தவர் இறந்தவராகவே இருந்தார்.

அவரை உயிர்ப்பித்த பெருமை அமெரிக்க வாசகருக்கு உரியது. 'கொலியர்ஸ்' என்னும் அமெரிக்கச் சஞ்சிகை, பதின்மூன்று கதைகளுக்கு நாற்பத்தையாயிரம் டொலர் வரை தர முன்வந்தது. டொயில் ஒரு தபாலட்டையிலே சுருக்கமாகச் சம்மதம் எழுதி அனுப்பினார். 1903 ஆம் ஆண்டில் 'வெற்று வீடு' என்னும் கதையிலே, புத்தக வியாபாரியான கிழவரின் வேடத்தில் ஹோம்ஸ் திரும்பி வந்தார். அவர் நீர்வீழ்ச்சியில் வீழவே இல்லை என்றும், யப்பானிய மல்வித்தையின் துணையால் தப்பினார் என்றும் விளக்கம் கூறப்பட்டது. விளக்கம் போதுமானதா என்று அன்று எவரும் வழக்காடவில்லை.

ஆயினும் அன்பு கண்ணை மறைத்துவிட்டது என்று எண்ணுவதற்கில்லை. இங்கிலாந்தின் மேற்குக் கோடியான கோர்ன்வாலைச் சேர்ந்த படகோட்டி ஒருவர் டொயிலிடம் நேரிலே தம் அபிப்பிராயத்தைக் கூறினார். மலையிலிருந்து வீழ்ந்த ஹோம்ஸ் இறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அதன் பின் அவர் பழைய மனிதராக இல்லை என்பதே அதன் சாரம். பேராசிரியரும் விமரிசகரும் பல பக்கங்களில் எழுதக்கூடிய ஒரு மதிப்பீட்டை அந்தத் தொழிலாளி ஒரு வாக்கியத்திலே சொல்லிவிட்டார். டொயில் அதனை மறைக்கவில்லை. 1924 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் வாழ்க்கை நினைவுகளிலே தாமே அதனைப் பதிவு செய்தார்.

வாசகர் கண்டுபிடித்த பிழைகளும் பல. துப்பறிவாளரிடம் பயின்ற வாசகர், ஆசிரியரையே துப்பறியத் தொடங்கினர். துணைவரான வைத்தியர் வொட்சன் போரிலே பெற்ற காயம் ஒரு கதையிலே தோளில் இருக்கின்றது; மறுகதையிலே காலில் இருக்கின்றது. யோன் என்ற பெயருடைய அவரை ஓரிடத்தில் மனைவியே ஜேம்ஸ் என்று அழைக்கின்றார். 1892 ஆம் ஆண்டில் வெளிவந்த பந்தயக் குதிரைக் கதையொன்றைக் குதிரைப் பந்தயம் அறிந்த ஒருவர் கடுமையாகத் தாக்கினார். டொயில் எழுதியபடி உண்மையில் நடந்திருந்தால் கதை மாந்தருட் பாதிப்பேர் சிறைக்குச் சென்றிருப்பர், மற்றவர்கள் பந்தயத் திடலிலிருந்தே விலக்கப்பட்டிருப்பர் என்பது அவரது கண்டனம். தமக்குப் பந்தயத்தைப் பற்றிய அறிவு போதாது என்று டொயில் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார்.

இன்னொரு கதையிலே, துவிச்சக்கர வண்டியின் தடத்தைப் பார்த்தே அது சென்ற திசையை ஹோம்ஸ் கூறிவிடுகிறார். அது இயலாதென வாசகர் பலர் எழுதினர். டொயில் தம் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே சென்று தாமே சோதித்துப் பார்த்தார். பின்சக்கரத்தின் தடம் முன்சக்கரத்தின் தடத்தின்மேற் படிவதைக் கொண்டு திசையை அறியலாம் என்று தாம் நினைத்தது தவறென்றும், வாசகர் கூறியதே சரியென்றும் கண்டார். ஆயினும் மேடு பள்ளமான நிலத்திலே ஏறும்பொழுது தடம் ஆழமாகவும் இறங்கும்பொழுது மேலோட்டமாகவும் பதிவதால், வேறொரு வழியால் திசையை அறியக்கூடும் என்று தம் நாயகனுக்காக வாதாடினார். கண்டனம் செய்தவரும் கண்டிக்கப்பட்டவரும் ஒருவரையொருவர் மதித்து நடந்துகொண்ட அழகை இந்நிகழ்ச்சியிலே காணலாம்.

பாம்பைக் கருவியாகக் கொண்டு கொலை செய்யும் 'புள்ளியிட்ட பட்டை' என்னும் கதை நம் நாட்டவர்க்குத் தனிச்சுவை தரும். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கொடிய பாம்பு ஒன்று, மணிக்கயிற்றின் வழியே இறங்கி வருகின்றது. சீழ்க்கை ஒலி கேட்டுத் திரும்பிச் செல்கின்றது. கிண்ணத்துப் பாலைப் பருகுகின்றது. அக்கதையிலே கூறப்படும் பெயருடைய பாம்பு இந்தியாவில் இல்லை. பால் பாம்பின் உணவுமன்று. சீழ்க்கைக்கு இணங்கும் பழக்கமும் அதற்கு இல்லை. புற்றுக்குப் பால் வார்க்கும் வழக்கத்தைக் கண்டு வளர்ந்தவர்களுக்கும் இவ்வுண்மை தெரியும். இருந்தும் வாசகர் அக்கதையைத் தள்ளிவிடவில்லை. பூட்டிய அறையும், இரவின் அமைதியும், இருளிலே கேட்கும் சீழ்க்கையும் சேர்ந்து உண்டாக்கிய அச்சத்தின் முன்னே விலங்கியல் பிழை சிறிதாகிவிட்டது. எந்தப் பிழையைப் பொறுக்கலாம், எதனைப் பொறுக்கலாகாது என்பதை வாசகர் தம் உள்ளத்தாலேயே நிறுத்துப் பார்த்தனர்.

இத்தகைய ஆராய்ச்சி 1911 ஆம் ஆண்டில் ஒரு புதிய உருவம் பெற்றது. றொனால்ட் நொக்ஸ் என்னும் இளம் அறிஞர், வேதநூல்களையும் பண்டைக் காவியங்களையும் பண்டிதர் ஆராயும் முறையிலே ஹோம்ஸ் கதைகளை ஆராய்ந்து, ஒக்ஸ்போட் மாணவர் கழகமொன்றிலே கட்டுரை படித்தார். பண்டிதரின் போக்கை எள்ளி நகையாடுவதே அவர் நோக்கம். ஆனால் வேடிக்கையாகத் தொடங்கியது பலருக்கு வழக்கமாகிவிட்டது. தம் கதைகளைப் பற்றித் தம்மைவிட இவருக்கு அதிகம் தெரிந்திருக்கிறதே என்று டொயில் வியந்து அவருக்கு எழுதினார்.

கதையை ஆராய்ந்தவர் ஒருபுறமிருக்க, கதையை மெய்யென நம்பியவர் மறுபுறம் இருந்தனர். ஹோம்ஸின் கையொப்பம் வேண்டியும், தம் துன்பத்தைத் தீர்த்து வைக்குமாறு இரந்தும் பலர் டொயிலுக்கு எழுதினர். ஹோம்ஸ் ஓய்வுபெற்றுக் கிராமத்திலே தேனீ வளர்க்கப் போகிறார் என்ற செய்தி ஒரு கதையில் வந்ததும், அவருடைய வீட்டைப் பராமரிக்கவும் தேனீக்களைக் கவனிக்கவும் தாம் ஆயத்தம் என்று பெண்கள் சிலர் விண்ணப்பித்தனர். சிரிப்புக்கு இடமான இந்நம்பிக்கை ஒருமுறை நீதிக்கும் உதவியது. பார்சி இனத்துத் தந்தைக்குப் பிறந்த ஜோர்ஜ் எடல்ஜி என்னும் சட்டத்தரணி, கால்நடைகளை இரவிலே வெட்டிக் காயப்படுத்தினார் என்று 1903 ஆம் ஆண்டில் தண்டிக்கப்பட்டார். மூன்றாண்டுகளின் பின் விடுதலையான அவரது வழக்கு டொயிலின் கவனத்துக்கு வந்தது. முதற்சந்திப்பிலேயே, அவர் பத்திரிகையைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் படிப்பதை டொயில் கண்டார். இத்துணைக் கண்பார்வைக் குறையுள்ளவர் காரிருளிலே வயல்களைக் கடந்து சென்று அக்குற்றத்தைச் செய்திருக்க இயலுமா என்று வினவினார். 1907 ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் பத்திரிகையில் எழுதிய கட்டுரைகள் நாட்டைக் கிளர்ந்தெழச் செய்தன. மே மாதத்தில் எடல்ஜி மன்னிப்புப் பெற்றார். நட்டஈடு மட்டும் வழங்கப்படவில்லை. குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாண்டில் நிறுவப்படுவதற்கு இவ்வழக்கும் ஒரு தூண்டுதலாயிற்று. டொயில் வெறுத்த பாத்திரத்தின் புகழே, அவர் குரலை அரசாங்கம் செவிமடுக்கச் செய்தது.

படைத்தவரும் படித்தவரும் நேருக்கு நேர் தம் மதிப்பீட்டை ஒப்பிட்டுப் பார்த்த காலமும் வந்தது. 1927 ஆம் ஆண்டில், கதைகள் யாவும் நிறைவுபெறும் தறுவாயில், 'ஸ்ட்ராண்ட்' சஞ்சிகை ஒரு போட்டியை நடத்தியது. தொகுதிகளாக வெளிவந்த சிறுகதைகளுள் சிறந்தவை எனத் தாம் கருதும் பன்னிரண்டை டொயில் தெரிந்தெடுத்து வைத்திருந்தார். அப்பட்டியலை ஊகித்து அனுப்புமாறு வாசகர் கேட்கப்பட்டனர். மிக அண்மித்த விடைக்கு நூறு பவுண் பரிசு. பின்னர் வெளியிடப்பட்ட பட்டியலிலே முதலிடம் பெற்றது, பிழைகள் மலிந்த பாம்புக் கதையே. எவருடைய பட்டியலிலும் அது இடம்பெறும் என்பதை அவர் ஐயமின்றி அறிந்திருந்தார். ஹோம்ஸ் இறந்த கதையும் அதிலே உண்டு. திரும்பி வந்த கதையும் உண்டு. பந்தயக் குதிரைக் கதையை மட்டும், பந்தய விபரங்கள் பிழையானவை என்ற காரணத்தால், அவர் விலக்கிவிட்டார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கிடைத்த கண்டனத்தை அவர் மறக்கவில்லை. வாசகரின் சுவையும் ஆசிரியரின் சுவையும் அந்தப் பட்டியலிலே பெரிதும் இணைந்துவிட்டன.

1930 ஆம் ஆண்டு யூலை 7 ஆம் நாள் சேர் ஆதர் கொனன் டொயில் காலமானார். நான்கு நாவல்களிலும் ஐம்பத்தாறு சிறுகதைகளிலும் வாழ்ந்த ஹோம்ஸோ ஆசிரியருடன் மறையவில்லை. கதைகளிலே அவருக்குக் குறிக்கப்பட்ட முகவரி, இலண்டன் பேக்கர் வீதி, 221 பி இலக்கம். டொயில் எழுதத் தொடங்கிய காலத்தில் அவ்வீதியின் இலக்கங்கள் அத்தனை தூரம் செல்லவில்லை. பின்னர் இலக்கங்கள் மாற்றப்பட, 1932 ஆம் ஆண்டில் அவ்விடத்திலே கட்டிட நிதிச் சங்கம் ஒன்றின் மாளிகை எழுந்தது. உலகின் பல பாகங்களிலிருந்தும் ஹோம்ஸின் பெயருக்குக் கடிதங்கள் வந்தபடியால், அவற்றுக்கு விடை எழுதுவதற்கென அச்சங்கம் ஒரு காரியதரிசியை அமர்த்த நேர்ந்தது. 1951 ஆம் ஆண்டுப் பிரித்தானிய விழாவின்பொழுது அதே மாளிகையில் ஹோம்ஸின் அறை அணிசெய்து காட்டப்பட்டது. படித்து மட்டும் அறிந்த நாற்காலியையும், வயலினையும், புகைக்குழாயையும் மக்கள் அங்கே கண்ணாற் கண்டனர்.

'வெள்ளைப் படை' இன்று தேடி எடுப்போருக்கே கிடைக்கின்றது. ஹோம்ஸ் கதைகளோ தேடாதவரிடத்தும் சென்று சேர்கின்றன. இதனைக் கொண்டு ஆசிரியர் முற்றிலும் பிழை செய்தார் என்று கூறிவிட முடியாது. உழைப்பின் அளவைக் கொண்டு தம் நூலை மதிப்பது எழுதுவோர்க்கு இயல்பே. தாம் பட்ட பாட்டை அவர் அறிவார். வாசகரோ தாம் பெற்ற இன்பத்தை மட்டுமே அறிவர். ஆயினும் நூல் வெளிவந்த பின்னர் நிலைத்து நிற்பது அந்த இன்பந்தான். வாசகர் ஒரு பாத்திரத்தை மீட்டுத் தருமாறு ஆசிரியரை வற்புறுத்த முடிந்தது. அப்பாத்திரத்தின்மீது அவருக்கிருந்த பழைய ஆர்வத்தை மீட்டுக் கொடுக்க முடியவில்லை. படகோட்டி கண்டு சொன்ன குறை அதுவே.

ஈழத்து வாசகர்க்கும் இவ்வரலாற்றிலே ஒரு சிறு பங்கு உண்டு. 1891 ஆம் ஆண்டு யூலையில் வெளிவந்த அந்த முதற்சிறுகதையின் தொடக்கத்திலே, ஹோம்ஸ் அண்மையில் ஆற்றிய காரியங்களை வொட்சன் வரிசைப்படுத்துகின்றார். அவற்றுள் ஒன்று, திருக்கோணமலையிலே அட்கின்சன் சகோதரர்க்கு நேர்ந்த விசித்திரமான துயர நிகழ்ச்சியின் மர்மத்தைத் துலக்கியது. சகோதரர் யார், நேர்ந்தது யாது, ஆங்கிலக் கடற்படை தங்கியிருந்த அத்துறைமுகத்தோடு அவர்களுக்குத் தொடர்பு என்ன என்பன எக்கதையிலும் கூறப்படவில்லை. டொயில் அதனைப் பெயரளவில் குறித்துவிட்டு அப்பாற் சென்றுவிட்டார். கோணேசர் கோயில் அமைந்த மலையடியிலே, ஆழ்கடலை நோக்கி நிற்கும் எவரும் அந்த மர்மத்தைத் தம் மனம்போல் புனைந்து பார்க்கலாம். ஆசிரியர் எழுதாது விட்டதை எழுதி நிரப்பும் உரிமை வாசகருடையது. அவ்வுரிமையைக் கொனன் டொயிலாலும் பறிக்க இயலவில்லை.